குடும்பத்தோடு வெளிநாட்டு வேலை: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

அம்மா, வணக்கம்.

உங்கள் மகனுக்கு இரண்டு மூன்று நாடுகளில் வேலைப் பேச்சு நடக்கிறது, எது அமைந்தாலும் மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். "இங்கே வாங்குவதைப் போல நாலு மடங்கு சம்பளம், எதற்கு பயம் என்று கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மனசு கேட்கவில்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. கோளாறு அந்த நாலு மடங்குக் கணக்கில் இருக்கிறது.

வெளிநாட்டுச் சம்பளத்தை நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்க்காதவர்கள் கிடையாது. ஆனால் வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், குழந்தையின் மருந்து எல்லாமே அந்த ஊர்ப் பணத்தில்தான் போகும். மாதக் கடைசியில் மிஞ்சுகிற தொகை ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அதனால் இனி உங்கள் மகனிடம் பேசும்போது "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கைக்கு எவ்வளவு வரும், மூன்று பேருக்கும் செலவு போக எவ்வளவு நிற்கும்?" என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்ல முடியாமல் திணறினால், இன்னும் கணக்குப் போடவில்லை என்று பொருள்.

அளவான சம்பளத்தில் குடும்பத்தோடு வெளிநாட்டில் நிம்மதியாக வாழ முடியும். எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். ஆனால் அங்கே போன பிறகு பைசா பைசாவாகச் சிக்கனம் பிடித்து அந்த நிம்மதியைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பது சரியாக வராது. வீடு, குழந்தை, மருத்துவம் ஆகிய மூன்றும்தான் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொண்டுபோகும். எந்த நாடு, எந்த விசா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலேயே இந்த மூன்றும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. விமானம் ஏறிய பிறகு அவற்றை மாற்றுவது கஷ்டம்.

முதலில் ஆஃபர் லெட்டர். அதில் இருக்கும் தொகையும் வங்கிக் கணக்குக்கு வரும் தொகையும் வேறு. ஜெர்மனியில் வருமான வரியோடு ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு ஆகிய காப்பீடுகளுக்கும் தொழிலாளியின் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் தருவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரியே இல்லை. இதைக் கேட்டதும் அமீரகம்தான் லாபம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஜெர்மனியில் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருப்பவரின் மனைவிக்குத் தனி வருமானம் இல்லையென்றால், கூடுதல் சந்தா கட்டாமலே மனைவியும் குழந்தையும் அதே காப்பீட்டில் சேர்ந்துவிடலாம். மனைவி அங்கே வந்து குடியேறிய பின் கணவர் வரி வகுப்பை, அதாவது மாத வரிப் பிடித்தத்தை முடிவு செய்யும் பிரிவை, மாற்றிக்கொண்டால் மாதாமாதம் பிடிக்கும் வரியும் குறையும். துபாயில் வேலை பார்ப்பவருக்கு நிறுவனம் காப்பீடு எடுத்தாக வேண்டும். குடும்பத்துக்கு எடுப்பது பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். வெளிநாட்டவர் குழந்தைகள் அங்கே அநேகமாகக் கட்டணப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். தனியாக இருப்பவருக்கு வரியில்லாத நாடு சேமிக்க நல்ல இடம். குழந்தையோடு போகிறவருக்கு, அரசுக்குக் கட்டாத பணம் பள்ளிக்கும் காப்பீட்டுக்கும் போய்விடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் எது மிச்சம் என்று தெரியும்.

அமீரகம் என்றால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலையை விட்டு வரும்போது தருகிற பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள். மொத்தச் சம்பளம் பெரிதாக இருந்து அடிப்படைச் சம்பளம் சின்னதாக இருந்தால், கடைசியில் கைக்கு வருவதும் சின்னதாகத்தான் இருக்கும்.

அடுத்து, குடும்பத்தைக் கூட்டிப் போக விசா அனுமதிக்கிறதா? பல நாடுகள் இதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் மனைவி, குழந்தைகளுக்கு டிபென்டன்ட் பாஸ் வாங்க மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருக்க வேண்டும். அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமோடு தங்குமிடம். பிரிட்டனில் பராமரிப்புப் பணியாளர் விசாவுக்கு 2024 மார்ச் 11 முதல் புதிதாக விண்ணப்பித்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிச் செல்லவே முடியவில்லை; 2025 ஜூலையிலிருந்து வெளிநாட்டிலிருந்து அந்த விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கவே முடியாது. இது தெரியாமல் "ஆறு மாதத்தில் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம்" என்ற ஏஜென்ட் பேச்சை நம்பிக் கடன் வாங்கிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வேலை தேடுகிறவரிடம் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் ஒப்பந்தம் 1997லேயே சொல்லிவிட்டது. உங்கள் மகனிடம் யாராவது பெரிய தொகை கேட்டிருந்தால், அதை முதலில் எனக்குச் சொல்லுங்கள். வட்டிக்கு வாங்கிப் போனால் முதல் வருடச் சம்பளம் குடும்பத்துக்கு வராது, கடன்காரருக்குப் போகும்.

அரசு குறித்திருக்கும் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம், விசா தருவதற்கான எல்லை மட்டும்தான். அந்தத் தொகையில் மூன்று பேர் வசதியாக வாழலாம் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

விசா கட்டணத்தோடு சேர்ந்து வரும் மருத்துவச் செலவையும் சொல்லிவிடுகிறேன், பலரும் கடைசி நிமிடத்தில்தான் இதைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். பிரிட்டனில் 2024 பிப்ரவரி முதல் குடியேற்ற மருத்துவக் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 776 பவுண்டு. விசா எத்தனை வருடத்துக்கோ அத்தனை வருடத்துக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை, மூன்று வருட விசா என்றால் 8,538 பவுண்டு. முதல் மாதச் சம்பளம் வாங்கும் முன்பே இந்தப் பணம் கையில் இருக்க வேண்டும். மருத்துவத் துறைக்கான விசாவில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. சில நிறுவனங்கள் இதைத் தாங்களே ஏற்றுக்கொள்வதும் உண்டு, ஆனால் கேட்டால்தான் தெரியும். கேட்பதில் கூச்சமே வேண்டாம். சம்பளத்தைக் கூட்டித் தர மறுக்கிற ஹெச்.ஆர்., விசாச் செலவையோ விமான டிக்கெட்டையோ முதல் மாதத் தங்குமிடத்தையோ தரச் சம்மதிக்கலாம்.

சரி, வீட்டு வாடகைக்கு வருவோம். இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். கைக்கு வரும் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, மின்சாரம், தண்ணீர், வீட்டைச் சூடாக்கவோ குளிர வைக்கவோ ஆகும் செலவு, எல்லாம் சேர்ந்து 35க்குள் அடங்கினால் மூச்சு விடலாம். 40ஐத் தாண்டினால் அந்தக் குடும்பத்துக்கு வீட்டுச் செலவு அதிகச் சுமை என்றுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட்டும் கணக்கில் எடுக்கிறது. 50 என்றால் அந்த வேலையையோ, அந்த நகரத்தையோ, குடும்பத்தை இப்போதே கூட்டிப் போகிற திட்டத்தையோ, ஏதோ ஒன்றை மாற்ற வேண்டும். மற்றச் செலவுகளைச் சுருக்கி இதைச் சமாளித்துவிட முடியாது.

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஜெர்மனியில் வெறும் வாடகை என்று ஒன்று, வெந்நீர், பராமரிப்புச் செலவு எல்லாம் சேர்த்த வாடகை என்று இன்னொன்று சொல்வார்கள். வெறும் வாடகையில் மூன்று மாதத் தொகை வரை டெபாசிட் கேட்க அங்கே சட்டம் அனுமதிக்கிறது. அதை மூன்று தவணையாகக் கட்டவும் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு, இது பலருக்குத் தெரியாது. துபாயில் வருட வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. காசோலைகள் குறைவாக இருந்தால் ஒரே நேரத்தில் பெரிய தொகை வேண்டும். குடும்ப விசா கேட்கும்போது பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும் காட்ட வேண்டும், அதனால் யாரோ ஒருவர் வீட்டில் ஓர் அறையைப் பேசி எடுத்துக்கொண்டு சமாளிப்பது குடும்பத்துக்குச் சரிப்படாது.

வாடகை குறைவு என்று நகரத்தைத் தாண்டிப் போய்க் குடியேறுவதும் எப்போதும் லாபமாக இருப்பதில்லை. அவருடைய பயணச் செலவு, போய் வரும் நேரம் ஒரு பக்கம். உங்கள் மருமகள் குழந்தையோடு நாள் முழுக்க அங்கேதான் இருக்கப் போகிறார். நடந்து போகும் தூரத்தில் மருத்துவர், கடை, பூங்கா, பேருந்து நிறுத்தம் இருக்கிறதா? இல்லையென்றால் ஆறே மாதத்தில் கார் வாங்கத் தோன்றும். காருக்குத் தவணை, காப்பீடு, எரிபொருள், நிறுத்தக் கட்டணம் என்று போட்டுப் பார்த்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

பேத்திக்கு இரண்டு வயதுதானே, பள்ளிச் செலவு இப்போது இல்லை என்று நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளி இலவசமாக இருக்கும் நாடுகளிலும் பள்ளிக்கு முந்தைய டே கேர் அப்படி இருப்பதில்லை. மருமகள் வேலைக்குப் போகப் போகிறார் என்றால், அவர் கொண்டுவரும் சம்பளத்தில் டே கேர் கட்டணத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்து ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும் அவர் வேலையை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை பள்ளிக்குப் போனதும் டே கேர் செலவு நின்றுவிடும், இடையில் அறுந்த வேலை அனுபவத்தை ஒட்ட வைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் அவருக்கு அங்கே வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். ஜெர்மனியில் ப்ளூ கார்டு என்ற, உயர் தகுதி உள்ளவர்களுக்கான வேலை அனுமதி வைத்திருப்பவரின் துணைவர் வேலை செய்யலாம். சிங்கப்பூரில் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர், 2021 மே மாதத்திலிருந்து, பொதுவாகத் தனக்கென்று தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். இங்கே அவர் நல்ல வேலையில் இருந்தால், ராஜினாமா செய்யும் முன் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கட்டும். முதல் வருடக் கணக்கை மகனின் சம்பளத்தை மட்டும் வைத்துப் போடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட நேரடிக் கேள்வி: சேர்ந்தே போவதா, அவர் முதலில் போவதா? அளவான சம்பளம் என்றால் அவர் முதலில் போகட்டும் என்பது என் கருத்து. பிரிந்திருப்பது வலிதான், குழந்தைக்கும் வலிதான். அதனால் முடிவில்லாமல் நீட்டக் கூடாது. தகுதிகாண் காலம் முடிந்து வேலை உறுதியானதும் மற்றவர்கள் போகலாம். அதுவரை அவர் பகிர்ந்த அறையில் தங்கினாலும், குடும்ப வீட்டுக்கு ஆகும் வாடகையில் தன் பங்கு வாடகையைக் கழித்து, மீதியை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வரட்டும். டே கேருக்கும் குடும்பக் காப்பீட்டுக்கும் ஆகும் தொகையையும் அப்படியே எடுத்து வைக்கட்டும். மீதிப் பணத்தில் மாதத்தை ஓட்ட முடிகிறதா என்று பார்த்தால், குடும்பத்தை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பது அவருக்கே தெரிந்துவிடும். சேர்ந்த தொகை டெபாசிட்டுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ஆகும்.

அவசரத்துக்கு வைக்கும் பணத்தை வெளிநாட்டில் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். அங்கே வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அமெரிக்காவில் ஹெச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். மூன்று மாதச் செலவுக்கான பணத்தோடு, மூவருக்கும் திரும்பி வர டிக்கெட் பணமும் தொடாமல் இருக்க வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். மகன் மாதாமாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டீர்களா? பல பிள்ளைகள் அங்கே இழுபறியில் இருந்துகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாமல் கிரெடிட் கார்டில் எடுத்து அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறான் என்றாலே உறவினர்களும் கேட்கத் தொடங்குவார்கள், அவர்களுக்கு நீங்கள் இங்கிருந்தே பதில் சொல்லிவிட்டால் அவர் பாரம் பாதியாகும். வீட்டுக் கடன், மருந்து என்று உங்களுக்கு நிஜமாகவே எவ்வளவு தேவையோ அந்தத் தொகையை அவரிடம் சொல்லுங்கள். முதல் வருடம் அதற்கு மேல் வேண்டாம் என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள். அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், கடைசியில் உங்கள் கணக்கில் எவ்வளவு விழுகிறது என்று இரண்டு மூன்று சேவைகளை ஒப்பிடட்டும். கட்டணமே இல்லை என்று சொல்லி மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வது சகஜம். பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. அதைவிட அதிகமாக நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்தால் வேறு வழி தேடலாம்.

அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடும் முன், பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம், எல்லாச் செலவும் சேர்ந்த வாடகை, மூன்று பேருக்கான மருத்துவம் மற்றும் டே கேர் செலவு ஆகியவற்றை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஆஃபர் லெட்டரின் நகலும் இருந்தால் நல்லது. வந்ததும் அவரோடும் மருமகளோடும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.