பனி மூடினாலும் பழி நம் மேல்தான்: சுற்றுலாத்தல ஊழியர் கேள்வி பதில்

விடுதி, படகுத்துறை, வியூ பாயிண்ட் என்று சுற்றுலா இடங்களில் வேலை பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (விடுதி வரவேற்பு): அண்ணா, "பள்ளத்தாக்கு தெரியும் அறை"ன்னு பணம் கட்டி வர்றாங்க. காலையில பார்த்தா ஒரே பனிமூட்டம். பணத்தைத் திருப்பிக் குடுன்னு சண்டை. என்ன சொல்றது?

பதில்: "வானிலைக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் விடுப்பு எடுத்து வந்தவர் காதில் அது "உன் பாடு" என்றுதான் விழும். அவருக்குத் தேவை ஒரு நேரமும் மாற்று வழியும். அதைச் சொல்ல, வந்திருப்பது எந்த மூட்டம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரவு வானம் தெளிந்து, காற்றில்லாமல் இருந்து, விடியலில் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நின்றால் அது தரையோடு உருவான மூட்டம். வெயில் ஏறினால் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் கலையும். காற்றோடு சரிவில் ஏறி வந்து மலையைப் போர்த்தினால் அது மேகம். நாள் முழுக்க நிற்கலாம். முதல் வகை என்றால், "ஒன்பது மணிக்கு மேல விலக வாய்ப்பு இருக்கு, சாப்பிட்டு நிதானமா கிளம்புங்க." இரண்டாவது என்றால், "இன்னைக்கு மேல போனா எதுவும் தெரியாது, கீழ அருவிப் பக்கம் போயிட்டு வாங்க." எந்த வகையானாலும் "கண்டிப்பா விலகிடும்" என்று சொல்லவே கூடாது. விலகாவிட்டால் அடுத்த சண்டை அதை வைத்துத்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, "காட்சி வானிலையைப் பொறுத்தது" என்ற வரி முன்பதிவை உறுதி செய்யும் செய்தியிலேயே இருக்க வேண்டும். வந்து இறங்கிய பிறகு சொன்னால் அது சாக்கு. அறைப் படங்களுக்கு நடுவே மூட்டம் நிறைந்த சன்னலின் படத்தையும் ஒன்று போடச் சொல்லுங்கள். முதலாளிக்குப் பிடிக்காது, ஆனால் புகார் குறையும். மரமோ சுவரோ சன்னலை மறைத்தால் கதை வேறு. அது நம் தவறு, அறையை மாற்றுங்கள் அல்லது வித்தியாசத் தொகையைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (படகுத்துறை): மழை நின்னுடுச்சு, தூரத்துல இடி மட்டும் கேக்குது. படகை எடுக்க மாட்டேன்னா அடிக்கவே வர்றாங்க அண்ணே.

பதில்: மழை பெய்யும் இடத்தைத் தாண்டியும் மின்னல் விழும். இடி காதில் கேட்கிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் தூரம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் கேட்டால் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, படகுகள் கரைக்கு வந்தாக வேண்டும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி எடுக்கலாம். நடுவில் ஒரு இடி கேட்டாலும் கணக்கு முதலிலிருந்து.

இதை வாயால் விளக்கிக்கொண்டிருந்தால் தொண்டைதான் வற்றும். ஒரு கரும்பலகை வையுங்கள்: "கடைசி இடி 3.40. படகு 4.10." அடுத்த இடி கேட்டதும் எல்லோர் கண்ணெதிரேயும் அழித்து எழுதுங்கள். ஆளோடு மல்லுக்கு நிற்பவர்கூடப் பலகையோடு நிற்பது அபூர்வம். வரிசைக்கு டோக்கன் கொடுத்துவிட்டால் இடம் போய்விடும் என்ற பதற்றமும் அடங்கும். "அதிகாரிக்கு வேண்டியவர்" என்று ஒரு படகை விட்டீர்களோ, அன்றைக்கு அந்தப் பலகை செத்துவிட்டது.

கேள்வி (அதே துறை): "எனக்கு நீச்சல் தெரியும்"னு லைஃப் ஜாக்கெட் போட மாட்டேங்கறாங்களே?

பதில்: பாதிப் பேருக்கு நீச்சல் ஒரு சாக்குதான், படத்தில் ஜாக்கெட் அசிங்கமாகத் தெரியும் என்பதே உண்மைக் காரணம். படகைக் கட்டியிருக்கும்போதே, உட்கார வைத்து ஜாக்கெட் இல்லாமல் இரண்டு படம் நீங்களே எடுத்துக் கொடுங்கள். பிறகு மாட்டச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் வாதம் வேண்டாம், கயிற்றை அவிழ்க்காதீர்கள். மீதிப் பயணிகளே அவரைப் பேசி வழிக்குக் கொண்டுவருவார்கள். உண்மையாகவே காரணம் கேட்பவருக்கு: குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், தலை தண்ணீருக்கடியில் இருந்தால் நல்ல நீச்சல்காரரும் நீரைக் குடிப்பார்.

போட்டபின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் தளர்வு, பட்டையை இறுக்குங்கள். குழந்தைகளுக்குத் தொடை நடுவே வரும் பட்டையையும் மாட்ட வேண்டும்.

கேள்வி (மலை விடுதி மேலாளர்): வெந்நீர் வரலைன்னு தினமும் காலையில கத்தல். கீசர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்.

பதில்: கீசர் நன்றாக இருக்கும், கணக்குதான் இடிக்கும். 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 10 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 45 நிமிடம் பிடிக்கும். அந்த நீரோடு குளிர்நீர் கலந்தால் 40 டிகிரியில் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். இருபது லிட்டர் வாளியில் இரண்டு. ஷவரைத் திறந்தால் நாலைந்து நிமிடம்தான். அறையில் நாலு பேர் என்றால் இரண்டாவது ஆளுக்கே பச்சைத் தண்ணீர்.

இன்னொரு கோளாறு, ஏழு மணிக்கு எல்லா அறையும் ஒன்றாகப் போடுவது. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180க்கு இறங்கினால் கீசரின் சக்தி 60 சதவீதமாகிவிடும். 45 நிமிடம் 70 நிமிடத்தைத் தாண்டும். ஆகவே சாவி கொடுக்கும்போதே, "ஒருத்தர் குளிச்சதும் முக்கால் மணி நேரம் விடுங்க, வாளியில பிடிச்சா ரெண்டு பேருக்கு வரும்" என்று சொல்லுங்கள். அதையே எழுதி கீசர் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டுங்கள். முடிந்தால் தளவாரியாக நேரம் பிரியுங்கள்.

கேள்வி (இரவுப் பணியில் இருக்கும் பெண்): ராத்திரி குடிச்சிட்டு சத்தம் போடுற கும்பலை எப்படி அடக்கறது அண்ணா?

பதில்: தனியாகப் போகவே வேண்டாம்மா. இரண்டு பேராகப் போய், வாசலுக்கு வெளியிலேயே நில்லுங்கள், அறைக்குள் கால் வைக்காதீர்கள். கும்பலைப் பார்த்துப் பேசாமல், குறைவாகக் குடித்தவர் ஒருவரை வெளியே கூப்பிட்டு அவரிடம் மட்டும் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன்னால் சொன்னால் யாராவது ஒருவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். பாட்டிலைப் பிடுங்கக் கூடாது. இரண்டாவது முறையும் கேட்காவிட்டால் மேலாளர், அதற்கு மேல் காவல்துறை. போன நேரம், சொன்ன வார்த்தை இரண்டையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: "தள்ளுபடி குடு, இல்லேன்னா ஒரு ஸ்டார் போடுவேன்"னு மிரட்டினா?

பதில்: குறை உண்மையா என்று மட்டும் பாருங்கள். உண்மையானால் மிரட்டாவிட்டாலும் செய்திருக்க வேண்டியதைச் செய்யுங்கள். பொய்யானால் கொடுக்காதீர்கள். மதிப்புரையை நீக்கச் சொல்லிச் சலுகை தருவது பெரும்பாலான தளங்களின் விதிக்கே எதிரானது. பேச்சை வாட்ஸ்அப்புக்கோ மின்னஞ்சலுக்கோ நகர்த்துங்கள், எழுத்தில் மிரட்டப் பலர் தயங்குவார்கள். போட்டே விட்டால் நாலு வரியில் பதில்: என்ன நடந்தது, என்ன செய்தோம். அவருடைய பெயர், அறை எண், கூட வந்தவர் விவரம் எதுவும் வேண்டாம். அந்தப் பதிலை அடுத்து வரப்போகிறவர்தான் படிப்பார்.

கேள்வி (வியூ பாயிண்ட் காவலாளி): வேலி தாண்டி செல்ஃபி எடுக்கறவங்களை?

பதில்: பின்னாலிருந்து விசில் ஊதாதீர்கள், கத்தாதீர்கள். திடுக்கிட்டுத் திரும்பும்போதுதான் கால் வழுக்கும். பக்கவாட்டில் அவர் கண்ணில் படும்படி வந்து நின்று, தாழ்ந்த குரலில் "மெதுவா என் பக்கம் வாங்க, இங்கேர்ந்து எடுத்தா பின்னாடி மலை முழுசா விழும்" என்று கூப்பிடுங்கள். அப்படி ஒரு இடத்தை வேலிக்கு இந்தப் பக்கம் முன்பே பார்த்து வைத்திருங்கள். திட்டுவதெல்லாம் அவர் இந்தப் பக்கம் வந்த பிறகு.