எழுத்து நான்கு, நோடு நானூறு

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டித் தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும் மட்டுமே வேலை செய்கிறோம். சென்ற ஆண்டு கட்டர் இயந்திரம் வாங்கியபோது, ஒரு கணினிக் கடையில் கோரல்டிரா என்ற வரையும் மென்பொருளைப் போட்டுக்கொடுத்து, "ஆயுளுக்கும் கவலையில்லை" என்று 4,000 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள். பில் தரவில்லை. இப்போது திறக்கும்போதெல்லாம் உரிமம் செல்லாது என்று எச்சரிக்கை வருகிறது. வாடிக்கையாளர்கள் கைபேசியில் அனுப்பும் எழுத்துகளை வெட்டினால் வளைவெல்லாம் ரம்பப் பல்லாக வருகிறது. புதிய பதிப்பு வாங்கினால் இரண்டும் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனித் தொல்லைகள். உரிமச் சிக்கலுக்கான மருந்தை வளைவுக்கும் சேர்த்து விற்கப் பார்க்கிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. மென்பொருளில் உள்ள வட்டக் கருவியாலேயே ஐந்து சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வரைந்து வெட்டுங்கள். அது வழவழப்பாக வந்தால் கத்தி, இயந்திரம், மென்பொருள் மூன்றிலும் குற்றமில்லை. கோளாறு படத்தில் இருக்கிறது. வட்டமும் பிசிறடித்தால் கத்தியை மாற்றிப் பாருங்கள். எப்படியானாலும் புதிய பதிப்புக்குக் காசு கொடுக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். "அம்மன்" என்ற நான்கு எழுத்துக்கு 412 நோடு, அதாவது கோட்டைத் தாங்கும் புள்ளி, இருக்கிறது. ம் எழுத்தின் மேலுள்ள புள்ளிக்கு மட்டும் 23. முழு வட்டம் ஒன்றுக்கு நான்கு நோடு போதும் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய சுமை என்று புரியும். கைபேசியில் வந்த சிறிய ஜேபெக் படத்தைப் பெரிதாக்கினால் அதன் ஓரம் படிக்கட்டாகத்தான் இருக்கும். படத்தின் ஓரத்தைத் தானே கோடாக மாற்றும் தானியங்கி டிரேஸ் அந்தப் படிகளை நம்பி அவற்றின் ஓரமாகவே நோடு வைத்துக்கொண்டு போகும். அந்த மேடுபள்ளம் ஒவ்வொன்றிலும் கத்தி திசை திரும்புகிறது. நீங்கள் காணும் ரம்பப் பல் அதுதான்.

நோடு என்பதைக் கரும்புக் கணுவாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடு அதன் வழியாகவே போகும். அதிலிருந்து இரு பக்கமும் நீளும் ஹேண்டில்களின் நுனி வேறு வகை. கம்பிக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகிறது அல்லவா, அப்படிக் கோட்டுக்கு வெளியே நின்று வளைவை இழுப்பது அந்த நுனி. இரண்டு நோடு, இரண்டு ஹேண்டில் நுனி, ஆக நான்கு புள்ளிகள் ஒரு வளைவுத் துண்டைத் தீர்மானிக்கின்றன. கார் உடலின் வளைவுகளை வரைவதற்காகப் பிரான்சில் ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியேயும், சித்ரோவன் நிறுவனத்தின் பால் தெ கஸ்தெல்ஜோவும் தனித்தனியே வகுத்த கணக்கு இது. எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினாலும் உள்ளே இதே கணக்குதான். பதிப்பை மாற்றினால் வளைவு அழகாகிவிடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இனி அந்தக் கோப்பைச் சரிசெய்யும் வழி. கோரலில் ஷேப் கருவியை எடுத்து (எஃப்10 விசை) எல்லா நோடுகளையும் தேர்ந்து, 'ரிடியூஸ் நோட்ஸ்' கொடுத்தால் கணிசமாகக் குறையும். ஆனால் கூர்மையான மூலைகளும் மழுங்கும். ம எழுத்தின் அடிமூலை உருண்டுபோனால் படிப்பவர் கண் உடனே உறுத்தும். ஆகவே தமிழ் எழுத்துக்குக் கையால் வரைவதையே நான் பரிந்துரைப்பேன். படத்தை அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வளைவு மிக மேலே, மிகக் கீழே, மிக இடப்புறம், மிக வலப்புறம் போகும் இடங்களில் மட்டும் நோடு வையுங்கள். அங்கெல்லாம் ஹேண்டில் நேர்க்கிடையாகவோ நேர்குத்தாகவோ இருக்கட்டும். கோடு முறியும் மூலையில் 'கஸ்ப்' வகை, வளைந்து தொடரும் இடத்தில் 'ஸ்மூத்' வகை. இந்த முறையில் அதே "அம்மன்" எனக்கு 80 நோடுக்குள் முடிந்தது. முதல் நாள் ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்து நாளில் கை பழகிவிடும், வரைந்த சொற்களும் உங்கள் சொந்தச் சேமிப்பாக நிற்கும்.

வாடிக்கையாளர் கேட்பது சாதாரண எழுத்துருவாக இருந்தால் படத்தைத் தொடவே வேண்டாம். நீங்களே தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக்கும் 'கன்வெர்ட் டு கர்வ்' கொடுங்கள். அப்படி மாற்றிய பின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, அதனால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். பல எழுத்துருக்களில் கி, ணி போன்றவற்றின் மேல்விலங்கு தனி வடிவமாக வந்து எழுத்தின் மேல் ஏறியிருக்கும். அப்படியே வெட்டினால் கத்தி நடுவிலும் ஒரு கீறல் போடும். 'வெல்டு' கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே வெட்ட வேண்டும். இந்த ஒரு படியை விட்டதால் வீணாகும் ரேடியம் சுருளின் விலையையும் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து உரிமம். பில்லும் உரிமச் சாவியும் இல்லாமல், 4,000 ரூபாய்க்கு, ஆயுள் முழுவதற்கும் என்று கிடைத்த மென்பொருள் அசலாக இருக்க வாய்ப்பில்லை. வாங்கியபோது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது தெரிந்துவிட்டது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம்; ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. கடைத் தொழிலுக்கு அதைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்களும் மனைவியும் நடத்தும் கடை அதற்குள் வரும். பில் தர மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் வங்கிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்; எச்சரிக்கை வரும் திரையைத் தேதியுடன் படம் பிடியுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமில்லை, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

அதுவரை வேலைக்கு இங்க்ஸ்கேப் போட்டுக்கொள்ளுங்கள். 2003 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள். தொழிலுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. நோடு வேலையில் எதிலும் குறைவில்லாதது. ஒரு நோடை அழித்தால் பக்கத்து ஹேண்டில்களைத் தானே சரிசெய்து வளைவை முடிந்தவரை காப்பாற்றும். கன்ட்ரோல் விசையுடன் எல் அழுத்தினால் நோடுகளைக் குறைக்கும். ஆனால் கோரலின் சிடிஆர் கோப்பாகச் சேமிக்காது. உங்கள் கட்டருடன் வந்த நிரல் எஸ்விஜி அல்லது டிஎக்ஸ்எஃப் கோப்பை ஏற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஏற்றால் கோரல் வாங்கும் தேவையே இல்லை. கோரலுக்குள்ளிருந்து மட்டுமே இயங்கும் இயந்திரமாக இருந்தால், அசல் உரிமத்தை ஜிஎஸ்டி பில்லுடன் வாங்குங்கள். அது நியாயமான செலவு.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். மகள் டிசைன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருள் வேண்டும் என்கிறாள். மாதத் தவணை குறைவாகத் தெரிகிறது. சேர்க்கலாமா?

பதில்: "மாதத் தவணை" என்ற சொல்லை நிதானமாகப் படியுங்கள். மாதம்தோறும் பணம் செலுத்தும் ஓராண்டு ஒப்பந்தம் வேறு, எந்த மாதமும் விடக்கூடிய சந்தா வேறு. முதல் வகையில் நடுவில் விலகினால் கட்டணம் பிடிக்கப்படுவதை, இல்லஸ்ட்ரேட்டரை விற்கும் அடோபி நிறுவனம் மறைத்தது என்று, அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் அனுப்பிய புகாரின் பேரில் அந்நாட்டு அரசு 2024 ஜூனில் வழக்கே தொடுத்தது. ரத்து விதியைப் படித்துப் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

முதலில் கல்லூரியில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆய்வகத்தில் உரிமம் இருக்கிறதா? ஒப்படைப்புக் கோப்பு இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ கோப்பு வடிவில்தான் வேண்டுமா, பிடிஎஃப் போதுமா? பிடிஎஃப் போதும் என்றால் முதல் ஆறு மாதம் இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் பழகட்டும். பேனா, நோடு, ஹேண்டில் பிடிபட்ட பிறகு இல்லஸ்ட்ரேட்டருக்கு மாறுவது சில நாள் வேலை. விசைகளின் பெயர் மட்டும் மாறும். அச்சகத்துக்குப் போகும் நான்கு வண்ண வேலை தொடங்கும்போது இல்லஸ்ட்ரேட்டருக்கான தேவை உண்மையாகவே வரும். அப்போது மாணவர் சலுகை விலையில் எடுங்கள். அந்தச் சலுகை முதல் ஆண்டுக்குப் பின் எவ்வளவாக உயரும் என்பதையும் அதே பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: நோடு வேலைக்குப் பேனா டேப்லெட் அவசியமா? (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: இல்லை. ஹேண்டிலைப் பிடித்து இழுக்கக் கம்பியுள்ள நல்ல மவுஸ் போதும். டேப்லெட்டில் கைபோன போக்கில் வரைந்தால் நோடு பெருகும், பிறகு உட்கார்ந்து குறைக்க வேண்டியிருக்கும். ஓவியம் தீட்டுகிறவர் என்றால் வாங்குங்கள். புதுச்சேரி நேரு வீதிக் கடைகளுக்குப் போய் வாங்குவதாக இருந்தால், பிரித்துக் காட்டச் சொல்லி உங்கள் கையாலேயே ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். மாற்று நிப்பு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.