கத்தி வைக்கும் முன் ஒளி வைத்துப் பார்ப்பது: கேள்வி பதில்

உடல் திசுக்களைப் போலரைஸ்டு லேசர் ஒளியால் படமெடுப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. பினாங்கு நண்பர்கள் அதைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

அண்ணே, போலரைஸ்டு ஒளி என்றால் என்ன? (ஐந்தாம் படிவ மாணவி, கெலுகோர்)

ஒளி, போகும் திசைக்குக் குறுக்கே அதிரும். டார்ச் வெளிச்சத்தில் அந்த அதிர்வு எல்லா வாக்கிலும் இருக்கும். போலரைஸ்டு ஒளியில் ஒரே வாக்கில். வீட்டிலேயே பார்த்துவிடலாம் தங்கச்சி. ஒரு கண்ணாடித் துண்டில் செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அடுக்கு ஒட்டு. கணினியின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியே பார். நிறமே இல்லாத டேப்பில் ஊதாவும் பச்சையும் எழும்பும். தலையைச் சாய்த்தால் நிறம் மாறும். டேப்பைத் தயாரிக்கும்போது இழுப்பதால் அதன் மூலக்கூறுகள் ஒரே பக்கமாக வரிசைப்பட்டிருக்கும். ஒளி அந்த வரிசையைக் காட்டிக்கொடுக்கிறது.

அதற்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்? (பட்டர்வொர்த்)

நம் உடம்பிலும், திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் அப்படித்தான் வரிசையாக ஓடுகின்றன. புற்று வளரும் இடத்தில் அந்த வரிசை குலையும். அறுவையில் எடுத்த கருப்பை வாய்த் திசுவில், நல்ல பகுதி காட்டும் ஒழுங்கு, புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ள இடத்தில் மங்கிவிடுகிறது. சாயமே ஏற்றாமல் இது தெரிவதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஒளியின் வாக்கை மாற்றி மாற்றிப் படமெடுத்து, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 16 எண்களைக் கணக்கிடுகிறோம். முல்லர் அணி (மேட்ரிக்ஸ்) எனப்படும் எண் அட்டவணை அதுதான். ஆனால் அழற்சியும் தழும்பும்கூட இழைகளைக் கலைக்கும். ஆகவே, மங்கிய இடமெல்லாம் புற்று என்று சொல்லிவிட முடியாது.

லேசர்தான் வேண்டுமா? (பாயான் லெப்பாஸ்)

கட்டாயமில்லை. லேசரில் ஒற்றை நிறம், நேரான கற்றை என்ற வசதிகள் உண்டு. ஆனால் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். அதைப் போக்க, சொரசொரப்பான கண்ணாடித் தட்டு ஒன்றைக் கற்றையின் குறுக்கே சுழலவிடுவோம். அகலமான பரப்பைப் படமெடுக்க எல்இடியே பல நேரம் மேல்.

தம்பி, என் மனைவிக்கு மார்பில் கட்டி. டாக்டர் பயாப்சி என்கிறார். ஊசி குத்தாமல் இதிலேயே பார்க்க முடியாதா? (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், பிறை)

முடியாதுங்க ஐயா. ஒளியின் அந்த ஒரே வாக்கு, திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே பெரும்பாலும் சிதறிப்போகும்; உள்ளே இருக்கும் கட்டி வரை போகாது. மேற்பரப்பில் எந்த இடத்தில் மாதிரி எடுக்கலாம், வெட்டி எடுத்த துண்டில் எங்கே உற்றுப் பார்க்கலாம் என்று வழிகாட்டத்தான் இது உதவும். கட்டி என்ன வகை என்று சொல்வது நோயியல் மருத்துவரின் மைக்ராஸ்கோப்தான். தயவுசெய்து டாக்டர் சொன்ன தேதியிலேயே அம்மாவை அழைத்துப் போங்கள். பயமாக இருந்தால், ஊசி எப்படிப் போடுவார்கள் என்று அவரிடமே கேளுங்கள், விளக்குவார்.

இது மருத்துவமனைக்கு வந்துவிட்டதா? (ஆயர் ஈத்தாம்)

சில வடிவங்கள் வந்து வெகுநாளாயிற்று. கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய்க்காக விழித்திரை நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளக்க 780 நானோமீட்டர் போலரைஸ்டு லேசர் கருவி இருந்தது. இப்போது பெரும்பாலும், விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி கருவி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. லேசர் இல்லாத போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் கவுட் என்ற மூட்டுவலி நோயாளியின் மூட்டு நீரைப் பார்த்தால், யூரிக் அமிலத்தால் உண்டாகும் யூரேட் படிகங்கள் ஊசி ஊசியாக மின்னும். 1961 முதலே அப்படிப் பார்க்கிறார்கள். முல்லர் படமெடுப்பு இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.