சுரியானி ஏடுகளில் புனிதர் வரலாறுகள்: கேள்வி பதில்

கேள்வி: சுரியானி என்ன மொழி?

இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளை. துருக்கியில் இன்று உர்ஃபா எனப்படும் எதெசாதான் அதன் தாய்வீடு.

கேள்வி: கிடைத்ததிலேயே பழைய ஏடு எது?

தேதி குறித்த சுரியானி ஏடுகளில், கி.பி. 411-இல் எதெசாவில் எழுதியதுதான் மூத்தது. அதன் கடைசிப் பக்கங்களில் மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின், பெயர்ப்பட்டியல் இருக்கிறது. எகிப்துப் பாலைவனத்துச் சுரியானி மடத்தில் இருந்து லண்டனுக்குப் போனது. அந்த மடத்துத் தலைவர் மோசே, வரிவிலக்கு கேட்டு பாக்தாத் போனவர், 932-இல் 250 ஏடுகளோடு திரும்பினார். அவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்!

கேள்வி: அதிசயக் கதைகள்தானே, வரலாறு என்று எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. தூண்மேல் தவம் செய்த சிமியோன் 459-இல் இறந்தார். அவர் வரலாற்றைச் சொல்லும் வத்திக்கான் ஏட்டின் தேதி 473. அவரை அண்ணாந்து பார்த்தவர்கள் உயிரோடு இருந்த காலம் அது. அதிசயங்களை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்த மக்கள் அவரிடம் எதைத் தேடி வந்தார்கள் என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி கிடைப்பது அரிது.

கேள்வி: பெண் புனிதர்கள் உண்டா?

நிறைய. சீனாய் மலை மடத்தில் 1892-இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் என்ற பெண் அறிஞர் ஓர் ஏட்டைக் கண்டார். ஒட்டிக்கிடந்த தாள்களைக் கெண்டி நீராவி காட்டிப் பிரித்தார். மேலே பெண் புனிதர் கதைகள். அடியில், அதே தாள்களில் முன்பு எழுதிச் சுரண்டி அழித்த பழைய நற்செய்தி. உலகம் அடியில் இருந்ததைத்தான் கொண்டாடியது. எனக்கு மேலே இருப்பதும் அதே அளவு பொக்கிஷம். அதில் பெலாகியா வருகிறாள், அந்தியோக்கியாவின் நடிகை. நகைகள் மின்ன, தலையை மூடாமல் வீதியில் போகிறாள். மற்ற ஆயர்கள் (பிஷப்புகள்) முகத்தைத் திருப்பிக்கொள்ள, நொன்னுஸ் என்ற ஆயர் மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார். அப்புறம் அழுகிறார்: மனிதரைக் கவர இவள் இத்தனை பாடுபடுகிறாளே, கடவுளுக்காக நாம் இப்படி நம் ஆன்மாவை அழகுபடுத்தியதுண்டா என்று. பின்னாளில் அவளே ஆண் துறவி வேடத்தில் ஒலிவ மலையில் வாழ்ந்து இறந்தாள்.

கேள்வி: இயேசுவின் சீடர் மயிலாப்பூர் தோமா இந்த ஏடுகளில் வருகிறாரா?

வருகிறார், 'தோமாவின் பணிகள்' என்ற மூன்றாம் நூற்றாண்டு நூலில். ஆனால் அதில் மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை. மஸ்தாய் என்ற அரசனின் நாட்டில் ஈட்டியால் குத்துண்டு இறக்கிறார். எலும்புகளைச் சகோதரர் ஒருவர் ரகசியமாக மேற்கே கொண்டுபோய்விட்டார் என்கிறது நூல். நான்காம் நூற்றாண்டில் எதெசாவில் வாழ்ந்த சுரியானிக் கவிஞர் எப்ரேமோ, அவை தம் ஊரில் இருப்பதாகவே பாடுகிறார்.