டிசம்பரை மாற்ற முடியுமா? செஷல்ஸுக்குப் பெற்றோரை அழைக்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

செஷல்ஸின் முக்கியத் தீவான மாஹேயில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருக்கும் நீங்கள், வரும் டிசம்பரில் பெற்றோரை ஒரு வாரம் வரவழைத்துச் செஷல்ஸைச் சுற்றிக் காட்ட விரும்புவதாக எழுதி, எங்கே தங்க வைப்பது, எதைக் காட்டுவது, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால், அந்த டிசம்பரை மாற்ற முடியுமா என்று பாருங்கள். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில், 115 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் இந்த நாட்டில் எந்தக் கடற்கரையில் இறங்கலாம், எந்தக் கப்பலில் ஏறலாம் என்பதையெல்லாம் காற்றே தீர்மானிக்கிறது.

டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று மழையையும் புழுக்கத்தையும் கொண்டுவருகிறது. கிறிஸ்துமஸ் கூட்டத்தால் அறை வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்கிழக்குக் காற்றில் வெயிலின் கடுமை குறைந்து வானம் தெளிந்திருந்தாலும், மாஹேயிலிருந்து பிராலின் தீவுக்குச் செல்லும் ஒரு மணி நேரக் கப்பல் பயணம் பழக்கமில்லாதவர்களின் குடலைப் புரட்டிவிடும். இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும் ஏப்ரலும் அக்டோபருமே வயதானவர்களுக்கு ஏற்ற மாதங்கள். போ வாலோன் கடற்கரை மாஹேயின் வடமேற்கில் இருப்பதால் தென்கிழக்குக் காற்றுக் காலத்தில் குளம்போல் அமைதியாக இருக்கும். டிசம்பரில் அங்கே அலை எழும். விளம்பரப் படங்கள் இதைச் சொல்வதில்லை.

ஏப்ரல் அல்லது அக்டோபர் என்னும் இந்த யோசனைக்கு ஒரே விலக்கு தைப்பூசம். தலைநகர் விக்டோரியாவின் குவின்சி தெருவில் 1992இல் எழுந்த அருள்மிகு நவசக்தி விநாயகர் கோவிலில் அன்று காவடி எடுப்பார்கள். உங்கள் பெற்றோருக்கு அதில் நாட்டமிருந்தால், மழையைப் பொருட்படுத்தாமல் அப்போதே வரச் சொல்லுங்கள். நம்மவர் வரவு புதிதன்று. 1770இல் செயின்ட் ஆன் தீவில் முதன்முதலாகக் குடியேறிய 28 பேரில் ஐவர் தென்னிந்தியர் என்பது பதிவான வரலாறு. பிள்ளை, செட்டி என்னும் குடும்பப் பெயர்களைத் தாங்கி, தமிழ் அறியாமல், பிரெஞ்சு வழிவந்த உள்ளூர் மொழியான கிரியோல் பேசும் தீவுக்காரர்களை அலுவலகத்தில் இதற்குள் நீங்களே சந்தித்திருக்கக்கூடும்.

ஒரு வாரத்துக்கு இரண்டு தீவுகள் போதும். மூன்றாவதையும் சேர்த்தால் பாதிப் பொழுது படகுத்துறையிலேயே கழியும். லா டீக் தீவின் கருங்கற்பாறைக் கடற்கரைதான் உலகெங்கும் படமாகச் சுற்றுகிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே பெரும்பாலும் மிதிவண்டியில்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பிராலினில் இரண்டு இரவு தங்கி, வாலே தெ மே காட்டுக்குள் ஒரு காலைப்பொழுதை முழுமையாகக் கொடுங்கள். 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட, இருபது ஹெக்டேருக்கும் குறைவான அந்தப் பள்ளத்தாக்கில் கடல் தேங்காய் எனப்படும் இரட்டைத் தேங்காய் காய்க்கிறது. தாவர உலகின் மிகப் பெரிய விதை அது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஐரோப்பியர் 1768இல் பிராலினில் அந்த மரத்தைக் காணும்வரை, கடலில் மிதந்து மாலத்தீவிலும் இந்தியக் கரைகளிலும் ஒதுங்கிய ஓடுகளை மட்டுமே உலகம் அறிந்திருந்தது. நம் ஊர்த் துறவிகள் சிலர் கையில் ஏந்திய கரிய திருவோடு இந்தக் காயின் ஓடுதான் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்; கடற்கரையை மறந்துவிட்டு மரத்தடியில் நின்றுவிடுவார். விற்பனைக்கு வரும் காயை வாங்கினால் அரசின் அனுமதிச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் விமான நிலையத்தில் காயைப் பறிகொடுக்க நேரும்.

மாஹேயில் பெரிய விடுதிகளைத் தேட வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பெரும்பாலானவை கப்பலில் வந்து இறங்கும் நாட்டில், விடுதிச் சாப்பாட்டின் விலை உங்கள் பெற்றோரின் பசியையே கெடுத்துவிடும். சமையலறையோடு கூடிய சிறு விருந்தினர் இல்லம் ஒன்றை எடுத்துக்கொண்டு, விக்டோரியா சந்தையில் காய்கறி வாங்கிச் சமைப்பதே சைவர்களுக்கு நல்ல வழி. சந்தையில் முருங்கைக் கீரை கிடைக்கும். கிரியோல் மக்களும் அதில் ரசம்போல ஒரு சாறு வைக்கிறார்கள், மீன் கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீமைப்பலாவை அம்மா வறுவலாகப் போட்டுவிடுவார். மளிகைக்கு நகரத்துத் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையிலேயே எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

போக்குவரத்துக்குப் பேருந்து மலிவானது. ஆனால் மாலைக்குப் பிறகு அதை நம்பக் கூடாது. ஒரு நாள் மட்டும் ஓட்டுநருடன் கூடிய வண்டி பேசி, சான் சூசி மலைப்பாதை வழியாக மிஷன் லாட்ஜ் காட்சி மேடைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் அழைத்துப் போங்கள். சாலை ஓரத்தில் தடுப்பே இல்லாத வளைவுகள் பல உண்டு என்பதால், முதல் ஆண்டில் நீங்களே ஓட்ட வேண்டாம். இலவங்கப்பட்டை மரங்கள் காடாய் மண்டிக் கிடக்கும் அந்த மலைச்சரிவு, என் கணக்கில், எந்தக் கடற்கரைக்கும் குறைந்ததன்று.

விசா தேவையில்லை, ஆனால் புறப்படுமுன் இணையவழியில் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும், திரும்பும் பயணச்சீட்டும் தங்குமிடச் சான்றும் கையில் இருக்க வேண்டும். மும்பை வழியாகவோ துபாய் வழியாகவோ வரலாம். மின்செருகி இங்கிலாந்து வகை, செவ்வக முனைகள் மூன்று கொண்டது. அதற்கான இணைப்பானையும், அன்றாட மருந்துகளை மருத்துவர் சீட்டோடும் எடுத்து வரச் சொல்லுங்கள். மாதத்தை மாற்ற முடிந்தால் எழுதுங்கள்; பிராலினில் படிக்கட்டு ஏறாமல் தங்கக்கூடிய இரண்டொரு வீடுகளை எனக்குத் தெரியும், அக்டோபருக்கு இப்போதே சொல்லி வைக்கலாம்.