அப்புச்சி பொட்டியில் கிடைத்த கூலிங் கிளாஸ்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பிராண்டட் கூலிங் கிளாஸை எப்படிச் சோதிப்பது, எப்படி வாங்குவது, அதில் பவர் போட முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்க அப்புச்சியோட டிரங்குப் பொட்டியில ஒரு கூலிங் கிளாஸ் கெடைச்சுதுங்க. தங்கக் கலர் கம்பி ஃப்ரேம், பச்சைக் கண்ணாடி. மூக்குக்கு மேல வர்ற கம்பியில பொடி எழுத்துல ‘பி அண்ட் எல் ரே-பான் யு.எஸ்.ஏ.’ன்னு இருக்குது. இது அசலுங்களா? எந்தக் காலத்துதுங்க?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பி அண்ட் எல் என்றால் பாஷ் அண்ட் லோம்ப். அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து லென்ஸ் கம்பெனி. ரே-பானை 1937-ல் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். 1999-ல் அந்த பிராண்டை இத்தாலியின் லக்சோட்டிகாவுக்கு விற்றுவிட்டார்கள். அந்த முத்திரை உண்மையானால் உங்கள் கண்ணாடிக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. ஆனால் முத்திரையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். போலி செய்கிறவனுக்கு எழுத்து அடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை.

லென்ஸைக் கழற்றாமலே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. வெயிலில் சாய்த்துப் பிடித்து, லென்ஸின் வெளி ஓரத்தில் கீலுக்குப் பக்கமாகப் பாருங்கள். ‘பிஎல்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மிகச் சிறியதாகக் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். லக்சோட்டிகா காலத்தில் அந்த இடத்தில் ‘ஆர்பி’ வந்துவிட்டது. காதுக் கம்பியில் ‘ஆர்பி3025’ என்ற மாடல் எண் இருந்தால் அது லக்சோட்டிகா காலத்து வழக்கம். மூக்குக் கம்பியில் ‘பி அண்ட் எல்’, காதுக் கம்பியில் ‘ஆர்பி3025’ என்று இரண்டும் ஒரே ஃப்ரேமில் இருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதே இல்லை, டூப்ளிகேட்.

லென்ஸின் மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் ‘ரே-பான்’ என்று இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அது 1980-களில்தான் வந்தது. அதற்கு முந்தைய லென்ஸில் இல்லாமல் இருப்பதுதான் முறை. லென்ஸைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நிஜக் கண்ணாடி சில்லென்று இருக்கும், நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். சாம்பல் கலந்த பச்சை நிறமானால் அது பெரும்பாலும் ஜி-15 என்ற ரே-பான் லென்ஸ். வெளிச்சத்தில் 15 சதவீதத்தை மட்டும் உள்ளே விடுவதால் அந்த எண்.

கம்பியில் ‘1/10 12கே ஜிஎஃப்’ அல்லது ‘1/30 10கே ஜிஎஃப்’ என்றும் இருக்கலாம். முலாம் இல்லை, தங்கத் தகடு அழுத்திய உலோகம் என்று பொருள்; எடையில் பத்தில் ஒரு பங்கு, அல்லது முப்பதில் ஒரு பங்கு, குறைந்த காரட் தங்கம். இதை நகைக் கடைக்குக் கொண்டு போய் உருக்கக் கேட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம். மூக்கில் உட்காரும் பேட் புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டாம். அது மாற்றக்கூடிய சாமான்.

கேள்வி: ஆன்லைனில் ‘1970-களின் டியோர், ஆஸ்திரியா தயாரிப்பு’ என்று ஒருவர் விற்கிறார். பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன போட்டோ கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முகத்தில் மாட்டி எடுத்த அழகான போட்டோ எதற்கும் உதவாது. இரண்டு காதுக் கம்பிகளின் உட்பக்கம், திறந்த கீல், மூடிய கீல், மூக்குப் பகுதியின் பின்புறம், சமதளமான மேஜையில் தலைகீழாக வைத்து முன்னாலிருந்து ஒன்று, ட்யூப் லைட்டின் பிம்பம் லென்ஸில் விழும்படி ஒன்று. இவ்வளவும் கேளுங்கள். மேஜையில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கி நின்றால் ஃப்ரேம் கோணியிருக்கிறது. ட்யூப் லைட்டின் கோடு லென்ஸில் நெளிந்தால் லென்ஸ் தரம் குறைந்தது. நூல்நூலாக உடைந்தால் கீறல்.

அந்தக் காலத்து டியோர், கரேரா ஃப்ரேம்களில் பல ஆப்டில் என்ற பொருளில் ஆனவை. ஆஸ்திரியாவில் வில்ஹெல்ம் ஆங்கர் 1960-களில் கொண்டுவந்த எபாக்ஸி வகைப் பிளாஸ்டிக் அது. சாதாரண ஷெல் (அசிடேட் பிளாஸ்டிக்) ஃப்ரேமை விட எடை குறைவு. காதுக் கம்பிக்குள் இரும்புக் கம்பி ஓடாது. ‘ஆப்டில்’ என்று எழுதி, ஒளிபுகும் ஃப்ரேமாகவும் இருந்து, உள்ளே கம்பி தெரிகிறதென்றால் விற்கிறவரிடம் நேராகவே கேளுங்கள்.

இன்னொரு எளிய பொறி: ‘சிஇ’, அதாவது ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் முத்திரை. ஐரோப்பாவில் கூலிங் கிளாஸுக்கு அது கட்டாயமானது 1990-களின் நடுவில். 1970-களின் சரக்கு என்று சொல்லிக்கொண்டு காதுக் கம்பியில் ‘சிஇ’ அச்சடித்திருந்தால் வயது பொய். கசால் போன்ற ஜெர்மன் ஃப்ரேம்களில் ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் அது 1990-க்கு முந்தையது என்ற கணக்கு. இத்தாலிய பிராண்டான பெர்சோலில் ‘ராட்டி’ என்ற பெயர் சேர்ந்திருந்தால், அந்தக் கம்பெனி லக்சோட்டிகா கைக்குப் போன 1995-க்கு முந்தைய சரக்கு. பெர்சோலின் வெள்ளி அம்புக்குறி கீலோடு சேர்ந்த பாகமாக இருக்க வேண்டும். மேலே ஒட்டியதுபோல் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவதானால் சுங்க வரி யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்சலைப் பிரிப்பதை முதல் கத்தரிவெட்டிலிருந்து வீடியோ எடுங்கள். ‘டெட் ஸ்டாக்’ என்று விலை ஏற்றினால், அது கடையில் விற்காமல் கிடந்த புதுச் சரக்கு என்று அர்த்தம். அப்படியானால் கீல் இறுக்கமாக இருக்க வேண்டும், மூக்குப் பகுதியில் பாலிஷ் மங்கியிருக்கக் கூடாது.

கேள்வி: கறுப்பாக இருந்தாலே கண்ணுக்குப் பாதுகாப்புதானே?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இல்லை. கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரியும். லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால், கண்ணாடியே போடாதபோது போவதை விட அதிகமாக உள்ளே போகும். சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், புற ஊதா-ஏ-வை நிறையவே விட்டுவிடும். நல்ல கம்பெனியின் நிறமேற்றிய கண்ணாடி லென்ஸ்கள் இதில் தேறும். மலிவு பிளாஸ்டிக்தான் சந்தேகம். நிறைய ஆப்டிகல்ஸ் கடைகளில் யுவி (புற ஊதா) மீட்டர் இருக்கிறது. லென்ஸை நடுவில் வைத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். 400 நானோமீட்டர் வரை தடுக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டில் உத்தேசமாகப் பார்க்க, கள்ள நோட்டுக் கண்டுபிடிக்கும் டார்ச் போதும். 500 ரூபாய் நோட்டின் வரிசை எண் அந்த ஒளியில் மினுங்கும். டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸை வைத்தால் மினுமினுப்பு அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த லென்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, ஃப்ரேமுக்குப் புது லென்ஸ் போடுங்கள். பழைய கூலிங் கிளாஸில் காசு கொடுத்து வாங்குவது ஃப்ரேமைத்தான்.

கேள்வி: பழைய ஷெல் ஃப்ரேமில் பவர் லென்ஸ் போடச் சொன்னால், ‘ஒடைஞ்சா நாங்க பொறுப்பில்லீங்க’ என்று கடைக்காரர் கை விரிக்கிறார். வேறு கடை பார்ப்பதா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அவர் சொல்வது நியாயம். பொறுப்பேற்கிறேன் என்று சட்டென்று சொல்கிறவரிடம்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

ஷெல் ஃப்ரேம் என்று நாம் சொல்வது செல்லுலோஸ் அசிடேட். அதை வளையும்படி வைத்திருப்பது உள்ளே கலந்த பிளாஸ்டிசைசர். வருஷங்கள் போகப் போக அது ஆவியாகிக் கசிந்துவிடும். ஃப்ரேம் சுருங்கும், விறைக்கும். காதுக் கம்பியின் நுனியில் உள்கம்பி துருத்திக்கொண்டு வருகிறதா பாருங்கள். பிளாஸ்டிக் சுருங்கியது, கம்பி சுருங்கவில்லை. அதன் அடையாளம் அது. அப்படிப்பட்ட ஃப்ரேமைச் சூடாக்கி லென்ஸை அழுத்தும்போது மூக்குப் பகுதியிலோ, கீல் பதித்த மூலையிலோ விரிசல் விடும். வாங்கும்போதே இந்த இரண்டு இடத்தையும் வெயிலுக்கு எதிராகப் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

1950-களுக்கு முந்தைய ஃப்ரேமானால் விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்டு. தீப்பிடிக்கும் பொருள். அதைச் சூடுபடுத்தவே விடாதீர்கள், அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் சொல்ல வேண்டியவை: சூடான காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஃப்ரேமைச் சுழற்றிக்கொண்டே காட்ட வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் கொப்புளம் வரும். லென்ஸை ஒரு துளி சிறிதாக வெட்டச் சொல்லுங்கள்; விறைத்த ஃப்ரேமுக்குள் பெரிய லென்ஸைத் திணிப்பதுதான் பாதி உடைசலுக்குக் காரணம். ஆப்டிலானால் கதையே தலைகீழ். அதற்குச் சூடு அதிகம் வேண்டும். சூடானதும் அது செய்த நாளின் வடிவத்துக்கே திரும்பிவிடும், முன்பு காதுக்காக வளைத்த வளைவெல்லாம் போய்விடும். மறுபடி வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் வளைத்தால் முறுக்கு ஒடிவதுபோல் ஒடியும். தவிர, அது ஆறும்போது லென்ஸைச் சுற்றிச் சுருங்காது, ஆகையால் லென்ஸின் அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். ‘இது ஆப்டில்’ என்று துண்டுச் சீட்டு எழுதி ஃப்ரேமோடு கொடுத்துவிடுவது நல்லது.

கம்பி ஃப்ரேமில் வெப்பம் தேவையில்லை, ஸ்க்ரூதான் தொல்லை. துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டுத் திருகச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் ஸ்க்ரூ தலை தேய்ந்துபோகும், அப்புறம் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நிறம் ஏற்ற, சிஆர்-39 எனப்படும் சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸே நல்லது. சாயத்தை நன்றாகக் குடிக்கும். அடி தாங்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அப்படிக் குடிக்காது. வெயிலுக்கு 80 முதல் 85 சதவீத நிறம் போதும். பவர் அதிகமானால், அதிலும் மைனஸ் பவரானால், அகலமான ஏவியேட்டரில் (விமானி பாணிக் கண்ணீர்த்துளி வடிவ ஃப்ரேம்) ஓரம் தடித்துத் தெரியும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் ப்ரோக்ரஸிவ் போடுவதென்றால் லென்ஸின் உயரம் 28 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கழற்றிய பழைய லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் விற்றால் அதற்கும் சேர்த்துத்தான் விலை.

கேள்வி: ஃப்ரேமில் பச்சையாகப் பாசிபோல் படிந்திருக்கிறது. இன்னொன்றில் வெள்ளை பூத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பச்சை, உலோகத்தில் உள்ள செம்பும் வியர்வையும் சேர்ந்து விளைந்தது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப் நாலு சொட்டு, பழைய மெல்லிய டூத் பிரஷ், பெரும்பாலும் போய்விடும். பேட் உட்காரும் முட்டில் விடாமல் ஒட்டியிருந்தால், பேட்டைக் கழற்றிவிட்டு, பஞ்சு முனையில் வினிகர் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து உடனே கழுவுங்கள்.

வெள்ளை, ஷெல்லின் மேல்தோல் காய்ந்து கசிந்தது. எண்ணெய் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், நாளைக்குத் தூசு ஒட்டும். பஃபிங் சக்கரம் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் பாலிஷ் போட்டால் நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள், அசிடேட்டைக் கரைத்துவிடும். பெட்டியைத் திறந்ததும் காடி வாசம் அடித்தால் பொருளே அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாங்காதீர்கள், வீட்டில் இருப்பதானால் மற்ற ஃப்ரேம்களிலிருந்து பிரித்துக் காற்றாட வையுங்கள். அந்துருண்டை போட்ட பீரோவும் வேண்டாம், சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டும் வேண்டாம்.

கேள்வி: ஆடிக் காத்துல தாராபுரம் ரோட்டுல பைக் ஓட்டறனுங்க. பழைய கண்ணாடி லென்ஸ் போட்டுக்கலாமுங்களா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: வேண்டாமுங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று மண்ணை மட்டுமா தூக்கி வரும், பொடிக்கல்லையும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் லென்ஸ்கள் அடி தாங்க வேண்டும் என்ற விதியே 1972-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கண்ணாடியை நம்பி வண்டி ஓட்ட முடியாது. பைக்குக்குப் பாலிகார்பனேட் லென்ஸ், மேலே ஹெல்மெட் வைசர். போலரைஸ்டு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், தார் ரோட்டுக் கானல் பளபளப்பு குறையும். ஆனால் வண்டியின் டிஜிட்டல் மீட்டர் சில கோணத்தில் கறுத்துத் தெரியும்.

கேள்வி: காதுக் கம்பியின் உட்புறம் 52□18 140 என்று போட்டிருக்கிறது. அளவா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அளவுதான், மில்லிமீட்டரில். லென்ஸ் அகலம் 52, மூக்கு இடைவெளி 18, காதுக் கம்பி நீளம் 140. இப்போது போடுகிற கண்ணாடியிலும் இதேபோல் எண்கள் இருக்கும். அதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். லென்ஸ் அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. மூக்கு இடைவெளியில் சமாளிக்க முடியாது, அதிலும் பேட் இல்லாத ஷெல் ஃப்ரேமில்.

கேள்வி: நம்ம பக்கம் எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: ஷோகேஸில் தேடாதீர்கள். கோவை, ஈரோடு, சேலத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக நடக்கும் ஆப்டிகல்ஸ் கடைகளுக்குக் கூட்டமில்லாத காலை நேரத்தில் போய், ‘பழைய ஸ்டாக் ஏதாவது அடி டிராயரில் இருக்குதுங்களா’ என்று கேளுங்கள். ‘டிஸ்கவுண்ட்’ என்ற சொல்லை எடுக்காமல் இரண்டு மூன்று எடுப்பதாகச் சொன்னால் அவர்களே குறைப்பார்கள். வால்பாறை, குன்னூர் பக்கம் எஸ்டேட் வீடுகளைக் காலி செய்யும்போது கிடைக்கும் சாமான்களிலும் வரும். பேரம் பேசும்போது புது லென்ஸுக்கும் பாலிஷுக்கும் ஆகும் செலவை மனதில் கூட்டிக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: ஒரிஜினல் தோல் உறையும் அட்டைப் பெட்டியும் சேர்ந்து வந்தால் அசல்தானே?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: உறையும் பெட்டியும் மட்டும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. முதலில் கீலைப் பாருங்கள்.