யார் வாய், யார் குரல்?

கேள்வி: 'சிங்கிங் இன் தி ரெயின்' பார்த்தேன். கீச்சுக்குரல் நடிகை லீனா மேடையில் வாயசைக்க, பின்னால் நின்று பாடுவது கேத்தி என்பதைத் திரையைத் தூக்கி ஊருக்கே காட்டிவிடுகிறார்கள். இரவல் குரலில் பிழைப்பு நடத்தும் நம் சினிமாவுக்கு இந்த நேர்மை எப்போது வரும்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: எந்த நேர்மையைச் சொல்கிறீர்கள்? 1952-ல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோ வெளியிட்ட அந்தப் படத்தின் உள்கதையைக் கேளுங்கள். கதைப்படி, லீனாவின் வசனத்துக்குக் கேத்தி டப்பிங் பேசுகிறாள். கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். ஆனால் அந்த இடத்தில் நம் காதில் விழும் இனிமையான குரல் அவருடையது அல்ல. லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! கீச்சென்று பேசியதுதான் அவருடைய நடிப்பு. ஆக, ஹேகனுக்குக் குரல் கொடுப்பதாக நடித்த ரெனால்ட்ஸுக்கு ஹேகனே குரல் கொடுத்திருக்கிறார். தலை சுற்றுகிறதா? இன்னும் இருக்கிறது. லீனாவுக்காகக் கேத்தி பாடுவதாக வரும் 'வுட் யூ' பாட்டைப் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. டைட்டிலில் அவர் பெயரே கிடையாது. இரவல் குரலைக் கேலி செய்த படம், இரவல் கொடுத்தவரின் பெயரை விழுங்கிவிட்டது. (நீங்கள் சொல்லும் அந்தத் திரை தூக்கும் காட்சியில் பாடுவது ரெனால்ட்ஸேதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கதாநாயகன் டான் மட்டும் யோக்கியனா? படம் தொடங்கியதுமே மைக்கைப் பிடித்துக்கொண்டு உயர்ந்த கலைப் பயிற்சி, கண்ணியம் என்று தன் வரலாற்றை அளக்கிறான். திரையில் ஓடுவதோ மூன்றாந்தர மேடைகளும் ஸ்டண்ட் வேலையும். இந்தப் புளுகனைப் படம் செல்லமாக மன்னிக்கிறது. லீனாவை மட்டும் நடுமேடையில் நிறுத்திச் சிரிக்கிறது. எனக்கு அந்தக் காட்சி எப்போதும் உறுத்தும். பேசும்படம் வந்ததும் பிழைப்பு ஆட்டம் கண்ட நடிகை அவள். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி ஸ்டூடியோ முதலாளியையே மடக்கும் மூளையும் அவளுக்கு இருந்தது. அந்தப் படத்தில் நடித்தவர்களில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது ஹேகன் ஒருவருக்குத்தான்.

படத்தை வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 103 டிகிரி காய்ச்சலோடு மழையில், டானாக நடித்த ஜீன் கெல்லி ஆடிய ஆட்டத்தை எத்தனை தடவையும் பார்ப்பேன். முறையாக நடனம் பயிலாமல் வந்த 19 வயதுப் பெண் ரெனால்ட்ஸ், 'குட் மார்னிங்' பாட்டுக்குப் பாதத்தில் ரத்தம் கசியக் கசிய ஆடினாராம். திரையில் அந்த வலி துளியும் தெரியாது.

நம் சினிமாவுக்கு வருவோம். கதாநாயகிக்குப் பி. சுசீலா பாடினார் என்பதை இங்கே யார் மறைத்தார்கள்? டைட்டிலில் பெயர், வானொலியில் பெயர், பாடியவருக்கென்று தனி ரசிகர் கூட்டம். வசனத்துக்குக் குரல் தரும் டப்பிங் கலைஞர்களுக்காகக் கோபப்பட்டிருந்தால் நியாயம். எத்தனையோ படங்களின் டைட்டிலில் அவர்கள் பெயர் இருக்காது. அதைக் கேட்டு எழுதுங்கள், முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.